சுண்ணாம்பு கேட்டவளும் ஆணி அடித்தவரும்

கேள்வி: பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில், இரவில் தனியே வருகிறவரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் யட்சி இன்னமும் உலவுகிறாள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குமரி மாவட்டத்தில் பேய் நடமாடும் இடங்களைத் தொகுத்து ஒரு சிறப்பிதழ் வெளியிடலாமே? (வாசகர், தக்கலை)

பதில்: சுண்ணாம்பு என்று எழுதினீர்களே, அதை விட எனக்கு மனமில்லை. ஆளைக் கொல்லப் போகிறவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. விரல்நுனிச் சுண்ணாம்பு கேட்கிறாள். வெற்றிலை போடும் ஊரில் முன்பின் தெரியாதவரிடமும் கூச்சமில்லாமல் கேட்கக்கூடியது அது. இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதே சமயம், விளக்கு வைத்த பிறகு உப்பையும் சுண்ணாம்பையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார் கட்டிக்காத்த விதி. ஆக, மறுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கக் கூடாத நேரத்தில் கேட்கிறாள். இந்தக் கதையைக் கட்டியவர்களின் மூளைக்கு நான் தலைவணங்குகிறேன்.

வெற்றிலை பற்றிப் பேச்சு வந்ததால் வழக்கம்போல என் பழைய பல்லவியையும் பாடிவிடுகிறேன். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்விலேயே சொல்லிவிட்டது. வாயில் ஆறாத புண் இருந்தால் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் பஸ் ஏறுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இனி யட்சி. நீங்கள் சொல்லும் அதே வழியில் அவளை அடக்கியவர் கடமற்றத்துக் கத்தனார் என்பது கேரளத்தில் வழங்கும் கதை. அவள் சுண்ணாம்பு கேட்கிறாள்; மந்திரம் கற்ற அந்தப் பாதிரியார் இரும்பாணியின் முனையில் வைத்து நீட்டி அவளை வசப்படுத்துகிறார். அந்த ஆணி அவள் தலையில் இறங்குகிறது. அடங்கியவளைக் காயங்குளத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். அங்கே அவள் தலையைக் கோதிவிட்ட பெண்ணின் கையில் ஆணி தட்டுப்பட, என்னவோ ஏதோ என்று பிடுங்கிவிடுகிறாள். யட்சி பறந்துவிடுகிறாள். கதை கத்தனாரின் பெருமையைத்தான் பேசுகிறது. நான் கும்பிடுவது ஆணியைப் பிடுங்கியவளை. வந்தவள் பேயா பெண்ணா என்று அவள் விசாரிக்கவில்லை. ஒரு தலையில் இரும்பு இருப்பதைக் கண்டாள், எடுத்தாள்.

ஆணி கதையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என் ஆத்திரம். கேரளத்துச் சோட்டானிக்கரை பகவதி கோவிலின் கீழ்க்காவில் நிற்கும் பாலை மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை ஆணிகள் என்று. பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்படும் பெண்ணின் கூந்தலை மரத்தோடு சேர்த்து அறைவது அங்கே வழக்கமாக இருந்தது. தெய்வத்தின்மேல் எனக்குக் குறையில்லை. மனம் நொந்தவளைப் பேய் என்று சொல்லி வேப்பிலையாலும் பிரம்பாலும் அடித்துக் காசு பறிக்கிறவர்களோடுதான் இந்தப் பத்திரிகைக்கு ஆரம்பம் முதலே சண்டை. அவர்கள் என்னை நாத்திகன் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் வெந்து இறந்தார்கள். ஓட முடியாதபடி அவர்களைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. வீட்டில் யாராவது தனியே பேசினால், தூக்கமில்லாமல் அலைந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பேய் நடமாடும் இடங்களின் பட்டியலைக் கேட்டீர்கள். தரமாட்டேன். அந்த இடங்களில் செத்தவர்கள் யார் என்று கேட்டிருந்தால் இதழ் முழுவதையும் கொடுத்திருப்பேன். பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கள்ளியங்காட்டின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். அந்த நீலி யார்? நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்ட பெண். அவன் மடியில் தலைவைத்து உறங்கியபோது கல்லைப் போட்டுக் கொன்றான்; சாட்சிக்கு நின்றது கள்ளிச்செடி ஒன்றே. மறுபிறவியில் அந்தக் கள்ளிக்கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளைப் போலவே மறுபிறவி எடுத்து வந்த அவனைத் தன் கணவன் என்று சொல்லி ஊர்ச்சபையில் வந்து நியாயம் கேட்கிறாள். அவளை நம்பி அவனை அவளோடு விட்டு, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்த வேளாளர் எழுபது பேரும், அவள் அவனைக் கொன்றதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காட்டுப் பழையனூரும் இதே நீலிக்கு உரிமை கொண்டாடுகிறது. வஞ்சத்தால் உயிர்வாங்கிய அந்த ஒருத்தியை ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் குறிப்பிட்டுவிட்டார். நாஞ்சில் நாட்டார் அவளை விரட்டவில்லை. இசக்கியம்மன் என்று கோவில் கட்டினார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தலில் இன்றும் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் நிற்பது அவள் முன்னால்தான். கோவில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கி அந்தக் கொலையைப் பாடும்போது கூட்டத்தில் அழாத பெண் கிடையாது. இப்போது நள்ளிரவில் கேமராவும் கையுமாக அதே இடங்களில் அலறிப் படம்பிடிக்கிறார்களே, அவர்கள் ஒரு கொடையிலாவது விடியும்வரை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

சிறப்பிதழ் போடுவேன், சுமைதாங்கிக் கற்களைப் பற்றி. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்குமே, அதுதான். தலைச்சுமைக்காரர் பிறர் உதவியில்லாமல் பாரத்தை இறக்கி மூச்சுவிடும் உயரம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி செத்துப்போனவளின் நினைவாக, இறக்காமல் போன அவள் சுமைக்காக, வீட்டார் நட்டவை அவற்றில் பல. அந்த இடங்களில்தான் பேய் என்று நமக்குச் சொல்லி வைத்தார்கள். சாலையை அகலப்படுத்தும்போது இந்தக் கற்களைப் பிடுங்கி ஓடையில் உருட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தடுத்திருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். இனியும் தடுப்பேன்.

நீங்கள் தக்கலைக்காரர், பழைய சாலை உங்கள் வாசலில் கிடக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு வெட்டியிருந்தால் அதோடு 825 கூட்டுங்கள், ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். பெண்ணின் பெயர் இருந்தால் ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதி அனுப்புங்கள், அட்டைப்படத்திலேயே போடுகிறேன்.