இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெளியார் உற்பத்தி முறை வந்தால் வேலை நேரம் நம் கையில் என்கிறார்களே, உண்மையா?

நாட்சம்பளத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போய், தோட்டம் கேட்கும் கிலோ கொழுந்தை எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். வெளியார் உற்பத்தி முறையில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பெரட்டு இல்லை, விரும்பிய நேரம் மலைக்குப் போகலாம், காசு கிலோவுக்கு மட்டும்.

கம்பனிக்கு இதில் என்ன லாபம்? நாட்சம்பளம் என்றால், வறட்சியில் கொழுந்து குறைந்தாலும் பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கிலோ கணக்கென்றால் அந்த நட்டம் பறிப்பவர் தலையில். சம்பளத்துக்கு பஸ் ஓட்டுவதற்கும் சொந்த ஆட்டோ ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்: ஹயர் இல்லாத நாளில் ஆட்டோக்காரருக்கு வருமானம் இல்லை.

நேரமும் அவ்வளவு இஷ்டத்துக்கு அல்ல. கொழுந்து காலத்தில் ஏழெட்டு நாளுக்கொரு சுற்று எடுக்காவிட்டால் இலை முற்றி, தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் நிறை கழிப்பதும் உண்டு. உரம், மருந்து, புல்லுவெட்டுச் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கிலோ விலை கூடினால் வருமானமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% என்று தொழில்தருநர் கட்டும் பங்கு, ஒப்பந்தத்தில் நீங்கள் ‘தொழிலாளி’ இல்லையென்றால் நின்றுபோகலாம்.