செக்கைத் தவறாகத் திருப்பிய வங்கி இழப்பீடு தருமா?

கேள்வி: மண்ணடியில் ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். கரன்ட் அக்கவுன்ட்டில் 62,000 ரூபாய் இருந்தும், சரக்கு தருபவருக்குக் கொடுத்த 18,400 ரூபாய் செக்கை ‘போதிய பணம் இல்லை’ என்று வங்கி திருப்பிவிட்டது. பிடித்த ரிட்டர்ன் சார்ஜைத் திரும்பத் தருகிறோம், இதோடு விடுங்கள் என்கிறார் மேனேஜர். சரக்கு தருபவரோ இனி ரொக்கம்தான் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சார்ஜோடு விடாதீர்கள். கணக்கில் போதிய பணம் இருந்தும் வங்கி செக்கை மறுத்தால், செக் எழுதியவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை வங்கி ஈடுகட்ட வேண்டும் என்கிறது 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-வது பிரிவு. மஞ்சூர் செய்யப்பட்ட ஓவர்டிராஃப்ட் வரம்பும் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தந்த அனுமதி) இதில் சேரும்.

முதலில் அந்த 62,000 எப்படிப்பட்ட பணம் என்று பாருங்கள். முந்தின நாள் போட்ட வேறொரு செக் கிளியர் ஆகாமலே பேலன்ஸில் தெரிந்திருந்தால், வங்கி மேல் தப்பில்லை. வருமான வரித்துறை முடக்கம், மூன்று மாதம் கடந்த செக், வங்கி கட்டாயமாக்கிய பாசிட்டிவ் பே விவரம் (பெரிய தொகை செக்கின் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது) தராதது ஆகியவையும் அப்படித்தான்.

இவை எதுவும் இல்லையென்றால், சரக்கு தருபவரிடம் இருக்கும் ரிட்டர்ன் மெமோவின் (செக் திரும்பிய காரணம் சொல்லும் சீட்டு) நகலையும், அன்றைய தேதிக்கு வங்கி முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட்டையும் வாங்குங்கள். பிறகு மேனேஜருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை பெறுங்கள். ‘தவறு எங்களுடையது’ என்று வங்கி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கேளுங்கள். வாய்வார்த்தை வருத்தத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. சரக்கு தருபவர் நிறுத்திய கடன் வசதியை மீட்கவும், செக் திரும்பியதற்காக அதே சட்டத்தின் 138-வது பிரிவில் (குற்ற வழக்குக்கான பிரிவு) நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லவும் இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்குக்கு இடமில்லை. நெஃப்டில் அனுப்புகிறீர்கள் என்றால் பழைய செக்கைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் அது மறுபடி கிளியரிங்குக்குப் போய்விடும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இலவசமாகப் புகார் செய்யலாம், உதவிக்கு 14448. நஷ்டத்துக்கும், அலைச்சல், மன உளைச்சலுக்குத் தனியேயும் இழப்பீடு கேட்கலாம் (2021-ம் ஆண்டுத் திட்டத்தில் வரம்பு முறையே 20 லட்சம், 1 லட்சம்). கோர்ட்டுக்குப் போன விவகாரத்தை அவர் எடுக்கமாட்டார் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில், கரன்ட் அக்கவுன்ட் வணிக நோக்கத்துக்கானது என்று வங்கி வாதிடும். சுயதொழிலில் பிழைப்பவர் என்று காட்ட முடிந்தால்தான் அங்கே நிற்கலாம். கெடு இரண்டு ஆண்டு. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு.

தொகை சின்னது என்று தயங்க வேண்டாம். வியாபாரி என்றால் பெயர் கெட்டதற்கே, நஷ்டக் கணக்கு காட்டாமலும், நீதிமன்றங்கள் இழப்பீடு தருவதுண்டு. ‘இந்தச் சின்னத் தொகைக்குக்கூட வழியில்லாதவரா?’ என்ற பேச்சு அல்லவா கிளம்புகிறது! மாதச் சம்பளக்காரர் என்றால், நஷ்டத்தை நிரூபிக்காவிட்டால் பெயரளவுத் தொகைதான் எதிர்பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு வந்த வாடகை செக்கை, கொடுத்தவரின் வங்கி தவறுதலாகத் திருப்பிவிட்டது. அந்த வங்கி மேல் நான் வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. 31-வது பிரிவில் வங்கியின் பொறுப்பு செக் எழுதியவரிடம் மட்டுமே. செக்கின் மூன்று மாதக் கெடுவுக்குள் மறுபடி போடுங்கள், அல்லது வாடகைதாரரிடம் வேறு வழியில் வசூலியுங்கள்.