கடன் வாங்க வேண்டாம் அண்ணே, அவள் கேள்வியைக் கேளுங்கள்

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து மகளோடு வந்தீர்களே, அண்ணே, அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில் நிற்கிறது. கையில் காசில்லாத இந்த நேரத்தில்தான் காலேஜ் சேர்க்கையும் வருகிறது. சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சைபர் செக்யூரிட்டி இன்ஜினீயரிங் சீட் வாங்கித் தருவதாக மச்சான் சொல்கிறார், வட்டிக்கு வாங்கட்டுமா என்று கேட்டீர்கள்.

வாங்காதீர்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தவள். பி.இ.தான் வேண்டுமென்றால் கவுன்சலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டும். அதை விட்டுவிட்டுக் கடனா?

அதோடு, மச்சான் பேசி முடித்ததும், போனில் ஏமாந்து உங்கள் பணம் போனதைப் பற்றி அவள் கேட்டதை நீங்கள் கவனித்தீர்களா? "ஓ.டி.பி. மெசேஜில் 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்பா போனில் எண்ணைச் சொன்னார். ஏன்?"

இந்தக் கேள்விக்கென்றே, கணினிப் பாதுகாப்பையும் மூளை அறிவியலையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புக்காரர்களும் மூளை அறிவியல்காரர்களும் சேர்ந்து, ஆட்களை, மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து எச்சரிக்கைப் படங்களைக் காட்டினார்கள். 2015-ல் வெளியான முடிவு இது: அதே எச்சரிக்கையை இரண்டாம் தடவை பார்க்கும்போதே மூளையின் பார்வைப் பகுதி சட்டென்று அடங்கிவிடுகிறது. தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டினால் அவ்வளவு அடங்குவதில்லை. பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அதேதான். பணம் போனதற்கு உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்தத் துறைக்குப் போகும் வழி ராமநாதபுரத்திலேயே தொடங்குகிறது. அரசு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல். வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மூன்று வருடத்தில் புள்ளியியலையும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியையும் விடாமல் பிடிக்கட்டும், உளவியலை என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் இலவசமாகக் கேட்கட்டும். அப்புறம் முதுநிலை: ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி. காந்திநகரிலும் மூளை, அறிதல் அறிவியல் (மனம் எப்படி யோசிக்கிறது என்பதை ஆராய்வது) படிப்புகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கடினம், இரண்டாம் வருடமே தயாராக வேண்டும். பிஎச்.டி.க்கு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அதாவது படிக்கிறவளுக்கே சம்பளம்.

நீண்ட பாதைதான், பத்து வருடம் ஆகலாம். நடுவில் வீட்டுக்கு வருமானம் தேவைப்பட்டால் பி.எஸ்சி.யோடு நிறுத்தி வேலைக்குப் போகலாம், அப்போதும் தலைக்கு மேல் கடன் இருக்காது.

மச்சானிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதோடு திங்கட்கிழமை வாருங்கள். பாப்பாவையும் கூட்டி வாருங்கள், கலைக்கல்லூரி விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து நிரப்பட்டும்.