ஊற்றுத் தண்ணீர் ஓடும் ஆற்றில் கயாக் ஓட்டினால் ஆபத்து இல்லைதானே?

கேரளத்தில் எங்கள் அட்டப்பாடிக்கு வரப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மழை ஓய்ந்த மாதத்தில், ஊற்றுத் தண்ணீர் மட்டும் ஓடும்போது கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஓட்டினால் பயம் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். "தண்ணி தெளிவா இருக்கும், அடி தெரியும், தாராளமா போங்க" என்று இரண்டு பேர் பதிலும் எழுதிவிட்டார்கள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அட்டப்பாடியில் அகளிக்காரன். பயிற்சியாளர் இல்லை, கையில் சான்றிதழ் எதுவும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில் சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை என்ற இரண்டு ஆறுகளிலும் பத்து மழைக்காலம் துடுப்புப் போட்டிருக்கிறேன். ஜூலையில் பாறைக்குப் பாறை மோதிக் கொந்தளிக்கும் அந்தத் தண்ணீரில் எனக்குச் சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் ஆனதில்லை. உயிர் போகப் பார்த்தது எங்கள் பவானியில். அதுவும் டிசம்பரில், அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற தண்ணீரில்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுகிறவை மூன்றுதான், பவானி அதில் ஒன்று. மேலே நீலகிரியில் சோலையும் புல்வெளியும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு ஊற்றும் கசிவுமாக மெல்ல விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஆறு ஓடுவது அதனால்தான். இதை முழு ஊற்று ஆறு என்று சொல்ல மாட்டேன், தென்மேற்குப் பருவத்தில் வெள்ளமும் வரும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் மெட்டோலியஸ் என்று ஒன்று இருக்கிறது, அது அசல். மலையடிவாரத்தில் பூமிக்குள்ளிருந்து ஆறாகவே புறப்படுகிறது. வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுத் தண்ணீர். அங்கே படகில் போகிறவர்கள் பயப்படுவது மரத்துக்கு. பெருவெள்ளம் வருகிற ஆறு, விழுந்த மரத்தை எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடும். சீராக ஓடும் ஆற்றுக்கு அந்த வலு கிடையாது, விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும். மழை ஓய்ந்த மாதங்களில் எங்கள் பவானியும் அப்படித்தான். உங்கள் கேள்வியில் இருக்கும் தப்பு இதுதான். வெள்ளம் இல்லை என்பதாலேயே ஆபத்தும் இல்லை என்று ஆகாது.

எங்கள் பக்கம் மரத்தைவிட முள்மூங்கில் மோசம். ஒரு புதர் அப்படியே கரையோடு சரிந்து விழும். வெளியே தெரிவது ஐந்தாறு கழிதான், மீதி அத்தனையும் தண்ணீருக்குள். டீ வடிகட்டி மாதிரி தண்ணீர் மட்டும் உள்ளே போகும், ஆள் போக முடியாது.

அன்றைக்கு என்னோடு அக்கா மகன் இருந்தான். புறப்படும் இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "வளைவுல மூங்கி சாஞ்சு கெடக்குது தம்பி. போன மாசம் எங்க ஆடு ஒண்ணு அங்கதான் சிக்குச்சு." சரிங்கய்யா என்றேன். கரையில் நடந்து போய்ப் பார்க்கவில்லை. அந்த வளைவை எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன், தெரியாதா என்ற நினைப்பு. மருமகனை மட்டும், தண்ணீரில் விழுந்தவருக்கு எறிகிற கயிற்றுப் பையோடு கரைவழியாக நடந்து வரச் சொன்னேன்.

வளைவில் நீரோட்டம் எப்போதும் வெளிக்கரைக்குத்தான் தள்ளும். அந்தக் கரைதான் அரிக்கும், மரமும் அங்கேதான் விழும். திரும்பியதும் கழிகளைப் பார்த்தேன், காற்றே இல்லாமல் ஒரே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கணுவில் பச்சை லுங்கித் துணி ஒன்று கிழிந்து சுற்றிக் கிடந்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "மாமா, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று அவன் கத்தியது கேட்டது. அதற்குள் படகு பக்கவாட்டில் போய் ஒட்டிவிட்டது. பயத்தில் உடம்பு மூங்கிலை விட்டு விலகி, தண்ணீர் வரும் பக்கமாகச் சாய்ந்தது. செய்யவே கூடாதது அது. மேல்நீர் விளிம்பில் ஏறியது, படகு கவிழ்ந்துவிட்டது.

உள்ளே எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலைக்கவசத்தில் கழி இடிக்கும் சத்தம், ஜாக்கெட் வாரை இழுத்துப் பிடித்த முள். எப்படியோ வார் அறுந்தது, ஒரு கழி கையில் அகப்பட்டது, அதைப் பிடித்துக் காலை உதைத்து மேலே ஏறினேன். அவன் எறிந்த கயிறு அப்போதுதான் கைக்கு எட்டியது. வலது தோள்பட்டை நழுவியிருந்தது. படகு மூன்று நாள் அங்கேயே கிடந்தது.

ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் போனோம். அங்கே ஒரு மருத்துவமனையில், முகவரியைப் பார்த்ததும் "நீங்க மலையாளியா?" என்று கேட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பாலக்காட்டுக்குப் போனால் நாங்கள் பாண்டிகள். எனக்குத் தாய்மொழி தமிழ், ரேஷன் கார்டு கேரளம், இதில் எந்தக் குற்றத்துக்கு நாங்கள் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டும்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் தோள் வலியைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாறையில் மோதும் தண்ணீர் திரும்பித் தள்ளும், முன்னால் மெத்தை மாதிரிப் புடைத்து நிற்கும், அது படகை ஓரளவு விலக்கியும் விடும். மரத்தில் அந்தப் புடைப்பு இருக்காது, தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உங்களை அமுக்கும் விசை நான்கு மடங்கு. மோதித்தான் ஆக வேண்டும் என்றால் மரத்தின் பக்கமாகச் சாயுங்கள், அதைக் கட்டிப்பிடியுங்கள். நீந்திக்கொண்டிருந்தால், மற்ற இடத்தில் காலை முன்னே நீட்டி மிதக்கச் சொல்வார்கள், இங்கே அப்படிச் செய்தால் கால்தான் முதலில் மாட்டும். குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறுங்கள். இது கடைசி வழிதான். கண்ணுக்கு மறைந்த வளைவு எதுவானாலும் முன்னாலேயே இறங்கி, கரையில் நடந்து பார்த்துவிட்டு வருவதுதான் முதல் வழி. நேற்று ஓட்டிய ஆறாக இருந்தாலும் சரி, ராத்திரியில் ஒரு மரம் விழுந்திருக்கலாம்.

பயமுறுத்துகிறான் என்று யாராவது எழுதுவார்கள். எழுதட்டும், நான் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். காட்டுக்குள் ஓடும் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

அந்தப் புதர் இன்னும் அங்கேயே கிடக்கிறது. எந்த வளைவு என்று தனிச்செய்தியில் சொல்கிறேன். உள்கரையில் ஆடு போகும் தடம் ஒன்று உண்டு, படகைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால் புதரைத் தாண்டி மறுபடி இறக்கிவிடலாம்.