ஈரம் 20 என்றால் எத்தனை கிலோ கழிக்கலாம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். சம்பாவில் பிபிடி 5204 நெல் போட்டிருந்தேன். களத்துக்கே வந்த வியாபாரி, ஈரம் 20 சதவீதம் என்று சொல்லி 60 கிலோ மூட்டைக்கு 4 கிலோ கழித்துக்கொண்டார். இது நியாயமா ஐயா? பாதி நெல் இன்னும் களத்தில்தான் கிடக்கிறது. அதற்காவது நல்ல விலை கிடைக்க என்ன செய்யலாம்?

பதில்: எத்தனை சதவீத ஈரத்துக்கு அவர் விலை பேசினார் என்பதைக் கேட்டீர்களா? அதை வைத்துத்தான் நியாயமா இல்லையா என்று சொல்ல முடியும். 60 கிலோ நெல்லில் 20 சதவீதம் ஈரம் என்றால் தண்ணீர் 12 கிலோ, மீதி 48 கிலோ. அதே நெல், அரசுக் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை 57.8 கிலோ இருக்கும். கழிவு 2.2 கிலோதான். அரவைக்குத் தோதான 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 55.8 கிலோ, அப்போது 4 கிலோ கழித்தது சரி. ஆனால் காய்ந்த நெல்லுக்குரிய கூடுதல் விலையை அவர் தந்திருக்க வேண்டும். 17 சதவீத ஈரத்துக்கான விலையைப் பேசிவிட்டு, 14 சதவீதக் கணக்கில் கழித்தால் மூட்டைக்கு 1.8 கிலோ உங்களுக்கு நஷ்டம்.

இன்னொன்று, அந்த 20 யார் கருவியில் வந்தது? அம்பாரத்தின் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுத்துக் கலந்து, உங்கள் கண்முன் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். அடியில் கிடப்பது பெரும்பாலும் ஈரம் கூடுதலாகத்தான் இருக்கும்.

மீதி நெல்லை என்னைக் கேட்டால் அரசு நேரடி கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோகச் சொல்வேன். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஆதரவு விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156, ஆக குவிண்டாலுக்கு 2,545. உங்கள் ரகம் சன்ன ரகம்தான். பொது ரகக் கணக்கில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர வரம்பு 17 சதவீதம். மழை அதிகமான சில பருவங்களில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதுண்டு, அதை நம்பி ஈரத்தோடு கொண்டுபோகாதீர்கள். அதற்காக 14 வரை காயவைக்கவும் வேண்டாம். அங்கே அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்கமாட்டார்கள், எடைதான் குறையும்.

தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். தார் ரோட்டில் வேண்டாம், கல் சேரும். சூட்டில் அரிசியும் வெடித்து அரவையில் நொய்யாகும். நன்றாகத் தூற்றிவிடுங்கள். கல், மண் 1 சதவீதம், பதர், வைக்கோல் துணுக்கு 1 சதவீதம், கருக்காய், சுருங்கிய நெல் 3 சதவீதம் வரைதான் விதியில் அனுமதி.

கொள்முதல் நிலையத்தில் வரிசை நீளமா? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலத்துக்கு (வியாபாரிகள் விலையை ரகசியமாக எழுதிக் கொடுக்கும் ஏலம்) வைத்துப் பாருங்கள். கேட்கும் விலை பிடிக்கவில்லை என்றால் விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அங்குள்ள கிடங்கில் இருப்பு வைத்து, அவசரச் செலவுக்குப் அந்த நெல்லையே ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வைப்பதானால் மட்டும் 14 சதவீதத்துக்குக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.