வாசகர் கேள்வி பதில்: முதல் நகர்த்தலே ஓரச் சிப்பாயா?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான், மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறான். கருப்புக் காய் வரும்போது, எதிராளி ராஜா முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், இவன் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறான். கோச் திட்டுகிறார், இவன் கேட்பதாக இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள்கூட இப்படி ஆடுவார்களா, ஏன் ஆடுகிறார்கள்?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆடுவார்கள். உங்கள் மகன் ஆடுகிற அதே நகர்த்தலை வைத்து உலக சாம்பியனையே தோற்கடித்திருக்கிறார்கள். 1980இல் சுவீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி நடந்தது. அப்போது உலக சாம்பியன் கார்போவ், அவருக்கு வெள்ளைக் காய். எதிரே இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். மைல்ஸ் முதலில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார், அடுத்ததாக அதற்குப் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம். நடுப்பலகை முழுவதையும் கார்போவுக்கு விட்டுக்கொடுத்தது மாதிரி இருந்தது. அந்த ஆட்டத்தை ஜெயித்தது மைல்ஸ்தான்.

ஏன் அப்படி ஆடினார் என்பதுதான் விஷயம். வழக்கமான பாதைகளில் கார்போவை அசைப்பது கஷ்டம். சின்னச் சின்ன சாதகங்களைச் சேர்த்துக்கொண்டே போய் மெதுவாக மூச்சை இறுக்குவதில் அவருக்கு இணை கிடையாது, அதுவும் வெள்ளைக் காயோடு என்றால் கேட்கவே வேண்டாம். அவருக்குத் தெரிந்த தெருவில் நடக்காமல், இருவருக்குமே பெயர்ப்பலகை இல்லாத தெருவுக்கு ஆட்டத்தை மைல்ஸ் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இரண்டு பேருமே சொந்தமாக யோசித்தாக வேண்டும். ஆனால் மைல்ஸின் கையில் ஒரு திட்டம் இருந்தது: அந்த இரண்டு சிப்பாய்களும் நகர்ந்ததால் பிஷப்புக்கு ஒரு நீண்ட மூலைவிட்டம் திறக்கிறது, அதிலிருந்து வெள்ளையின் நடுச்சிப்பாய் மேல் ஆட்டம் முழுக்க அழுத்தம் கொடுக்கலாம்.

விசித்திரமான ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசையை, ஆடுகிறவர்கள் பலகையைப் பார்த்து மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் ஃபிஷர் செய்ததைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வெள்ளையில் ராஜாச் சிப்பாயைத் தள்ளியே ஆடியவர் என்று சொல்லிவிடலாம், அதற்குத்தான் அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கியின் குழு தயாராகி வந்திருந்தது. ஆறாவது ஆட்டத்தில் திடீரென்று ராணிப் பக்கத்து பிஷப்பின் சிப்பாயைத் தள்ளிவிட்டு அப்படியே குயின்ஸ் கேம்பிட்டுக்குள் போனார். உலகத்துக்கு அது பழைய ஓப்பனிங், ஃபிஷர் கையிலிருந்து வந்ததுதான் விசித்திரம். ஃபிஷர் ஜெயித்ததும் ஸ்பாஸ்கியே அரங்கத்தோடு சேர்ந்து கைதட்டினார். நம் ஆனந்தும் 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவின் கிராம்னிக்கிடம் கிட்டத்தட்ட இதையே செய்தார். பெரும்பாலும் ராஜாச் சிப்பாய் ஆடுகிறவர் அந்த மேட்சில் ராணிச் சிப்பாயைத் தள்ளினார், கருப்பிலும் கிராம்னிக் எதிர்பார்க்காத கூர்மையான பாதையில் போய் இரண்டு முறை ஜெயித்தார், 6.5க்கு 4.5 என்று மேட்ச் முடிந்தது.

அதே கிராம்னிக் 2000இல் லண்டனில் அப்போதைய உலக சாம்பியன் கேஸ்பரோவுக்கு எதிராகக் கொண்டுவந்தது பெர்லின் டிஃபென்ஸ். 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த ஓப்பனிங், ஆனால் உலக சாம்பியன்ஷிப்பில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுவிடும், கருப்பு ராஜாவால் காஸ்லிங் (யானையோடு சேர்ந்து ஒரே நகர்த்தலில் பாதுகாப்பான பக்கம் போவது) செய்ய முடியாது, பார்க்க அழகே இல்லை. ஆனால் ராணி வைத்துத் தாக்குவதில் மன்னரான கேஸ்பரோவிடமிருந்து ராணியையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்! ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கேஸ்பரோவ் பட்டத்தை இழந்தார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் பென்ட் லார்சன் இப்படிப்பட்ட ஓப்பனிங்குகளை உண்மையாகவே நேசித்தவர். ராணிப் பக்கத்துக் குதிரையின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிற ஓப்பனிங்குக்கு அவர் பெயர்தான். 1970இல் பெல்கிரேடில், சோவியத்துக்கு எதிராக மற்ற உலக நாடுகள் என்று நடந்த போட்டியில், முதல் பலகையில் அதையே ஸ்பாஸ்கியிடம் ஆடி 17 நகர்த்தலில் தோற்றார்.

ஆக, உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஓரச் சிப்பாயைத் தள்ளிய பிறகு பிஷப் எங்கே போகும், வெள்ளையின் நடுச்சிப்பாய்களை எப்போது எதைக்கொண்டு இடிப்பாய்? தடுமாறாமல் பதில் சொன்னால் அவன் ஆடட்டும், கோச்சிடமும் அதையே சொல்லிக் காட்டட்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் கோச் பக்கம்தான் நான்.

கேள்வி: கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதெல்லாம் எடுபடுமா? எது சிறந்த நகர்த்தல் என்றுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.
ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முன்பைவிட இப்போதுதான் அதிகம் எடுபடுகிறது. முக்கியமான ஓப்பனிங்குகளில் இருபது, இருபத்தைந்து நகர்த்தல்வரை இருவருமே வீட்டில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து டிராவில் கைகுலுக்கும் நிலை வந்துவிட்டது. அதனால், கம்ப்யூட்டர் கணக்குப்படி கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை, எதிராளி நேற்று ராத்திரி படித்திருக்கக் கூடாது என்று தேடுகிறார்கள். 2023 அஸ்தானா உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் நான்காவது நகர்த்தலாக ராஜாப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் ரிச்சர்ட் ராப்போர்ட், இப்படிப்பட்ட ஆட்டத்துக்கே பெயர் போனவர். அந்த ஆட்டத்தில் டிங் தோற்றுப்போனார், ஆனால் கடைசியில் பட்டத்தை ஜெயித்ததும் அவர்தான்.

கம்ப்யூட்டரையே ஏமாற்றவும் இதை முயன்றிருக்கிறார்கள். 1997இல் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் ப்ளூவோடு மோதிய மூன்றாவது ஆட்டத்தில், ராணி முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்தார் கேஸ்பரோவ். இயந்திரத்தின் நினைவில் இருக்கிற ஓப்பனிங் புத்தகம் அங்கே பயன்படக் கூடாது என்பது அவர் கணக்கு. ஆட்டம் டிரா ஆனது, மேட்சை இயந்திரம் ஜெயித்தது.

கேள்வி: கார்ல்சன் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை வெளியே கொண்டுவந்தாரே, அது எதிராளியை அவமதிப்பது இல்லையா?
ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 2021 மார்ச்சில் இணையத்தில் நடந்த போட்டி அது. எதிரே நகமுரா. இருவருமே அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தார்கள், அந்த ஆட்டத்தால் எதுவும் மாறப்போவதில்லை. நகமுராவும் தன் ராஜாவை அதேபோல வெளியே கொண்டுவந்து, ஆறு நகர்த்தலில் டிரா. இருவரும் சேர்ந்து விளையாடிய விளையாட்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டி, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து இதை ஆடினால் அது அவமதிப்புதான், செய்யாதீர்கள்.

கேள்வி: 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி, இங்கே பேசிக்கொண்டிருப்பதோடு நேராகத் தொடர்பு உள்ளது. இந்தியாவில் பழைய விதிப்படி சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அப்படி ஆடிப் பழகியவர்கள் ஐரோப்பிய விதிக்கு வந்தபோதும் சிப்பாய்களை நிதானமாக ஒவ்வொரு கட்டமாக வைத்து, பிஷப்பை ஓரமாக நிறுத்தி, நடுப்பலகையை எதிராளிக்கு விட்டுவிட்டுப் பிறகு இடித்தார்கள். 1850களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜியின் ஆட்டங்கள் அப்படிப்பட்டவை, பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பியர்களுக்கு அன்று விநோதமாகத் தெரிந்தது இன்று உலகம் முழுக்க ஆடப்படுகிற கிங்ஸ் இந்தியன், குருன்ஃபெல்ட் ஓப்பனிங்குகள் எல்லாம். மிர் சுல்தான் கானும் இந்திய விதியில் வளர்ந்தவர், ஓப்பனிங் புத்தகம் படித்துப் பழகாதவர். 1929, 1932, 1933 மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன், ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் கேபபிளாங்காவையே தோற்கடித்தவர். 2024இல்தான் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள், எவ்வளவு தாமதம்!

கேள்வி: வேலைக்குப் போகிறவன், படிக்க நேரம் இல்லை. எனக்கு ஏதாவது வித்தியாசமான ஓப்பனிங் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வித்தியாசம் வேண்டாம், குறைவாக மனப்பாடம் செய்தால் போதும் என்பதுதானே உங்கள் தேவை? வெள்ளையில் லண்டன் சிஸ்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம், பிஷப் வெளியே, அப்புறம் மற்றச் சிப்பாய்கள் முக்கோணமாக, எதிராளி என்ன ஆடினாலும் பெரும்பாலும் இதே வரிசை. மேலே சொன்ன அஸ்தானா மேட்சின் ஆறாவது ஆட்டத்தை டிங் ஜெயித்தது இதில்தான், முதலில் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். கருப்புக்கு என்ன ஆடுவது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.