நீங்க கேட்டீங்க, நாங்க சொல்றோம்: ஒரே புக்கை ரெண்டு பேர் தேடி வந்தா?

கேள்வி: புத்தகக் கடையில பில் போடுற வேலை பாக்குறேன். மாசக்கணக்கா யாரும் தொடாத பழைய நாவலை காலைல ஒருத்தர் கேட்டு வாங்கிட்டுப் போறாரு, சாயங்காலமே சம்பந்தமில்லாத இன்னொருத்தர் வந்து அதையே கேக்குறாரு. போன வாரம் எங்க ஸ்கூல் டீச்சரும் அவங்ககிட்ட படிச்ச ஒருத்தரும் ஒரே ஷெல்ஃப் முன்னாடி சந்திச்சுக்கிட்டாங்க. இதெல்லாம் விதியா, எதேச்சையா?

பதில்: அந்த நாவல் விஷயம் அனேகமா எதேச்சை கூட இல்லைங்க. எழுத்தாளருக்கு விருது வந்திருக்கும், இல்லன்னா கதை படமாகுதுன்னு நியூஸ் வந்திருக்கும், வந்தவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ஆனா ரெண்டு பேர் காதுலயும் விழுந்த சங்கதி ஒண்ணுதான். டீச்சர் மேட்டரும் அப்படித்தான், புத்தகக் கடையே ஆளுங்களை ரசனை வாரியா பிரிச்சு ஒரே ஷெல்ஃப் முன்னாடி நிக்க வைக்கிற இடம், அந்த ரசனையை அவருக்குப் பழக்கிவிட்டதே அந்த டீச்சராத்தான் இருக்கும்!

மிச்சம் இருக்குறது கணக்கு. ஒரு ரூம்ல 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு பிறந்தநாள் ஒண்ணா இருக்க பாதிக்கு மேல சான்ஸ், ஏன்னா அந்த 23 பேருக்குள்ள 253 ஜோடி இருக்கு. உங்க கவுன்ட்டரைத் தாண்டிப் போற கூட்டத்துல எத்தனை ஜோடி இருக்கும்னு பாத்துக்கோங்க, ஒத்துப்போகாம போனதை யாரு ஞாபகம் வெச்சுக்கிறா?

இவ்வளவு சொல்ற எனக்கே ஒரு கதை மட்டும் இடிக்குது. ஆன் பாரிஷ்னு அமெரிக்க எழுத்தாளர், 1920கள்ல பாரிஸ்ல பழைய புத்தகக் கடையில சின்ன வயசுல தனக்குப் பிடிச்ச புக்கு கண்ணுல பட, எடுத்து வீட்டுக்காரர்கிட்ட காட்டுறாங்க, அவர் அட்டையைத் திறந்தா உள்ள இவங்க பேரும் சின்ன வயசு வீட்டு அட்ரஸும் இருந்துச்சாம். கடல் தாண்டி எத்தனை கை மாறி அங்க வந்துச்சோ!

கேள்வி: ஃப்ரெண்டுக்கு நான் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்த புக்கு, பழைய புத்தகக் கடையில என் கையிலயே சிக்கிச்சு. அவன்கிட்ட கேட்டுடவா?

பதில்: வேண்டாங்க. வீடு மாறும்போது புக்கெல்லாம் மூட்டையாத்தான் போகும், யாரும் ஒவ்வொண்ணா திறந்து பாத்துப் போடுறதில்ல, போனதே அவருக்குத் தெரியாம இருக்கலாம். நடுவுல எங்கயாவது பக்கத்து முனை மடிஞ்சிருக்கான்னு பாருங்க, மடிஞ்சிருந்தா யாரோ படிச்சிருக்காங்க, அது அவரேன்னு வெச்சுக்கோங்க. புத்தம் புதுசா இருந்தா வேற யாருக்காவது குடுத்துடுங்க, பழைய கையெழுத்து இருக்குற பக்கத்தை மட்டும் மறைச்சிட்டு!